காலடி மண்

அக்காவின் குரல் போனபோது அவளுக்கு முதலில் கிடைத்தது பனங்கற்கண்டும் மிளகும் போட்ட பால். எனக்குக் கிடைக்கவில்லை. அவள் பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டாள். மீதியை எனக்குத் தருவார்கள் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா டம்ளரின் மேல் ஒரு தட்டை வைத்து மூடி, "அவ அப்பால குடிப்பா, நீ கை வைக்காத" என்றாள். அடியில் கரையாமல் கிடந்த கற்கண்டை நினைத்துக்கொண்டே அன்று நான் தூங்கினேன்.

திருவொற்றியூரில், கடலுக்கும் எண்ணூர் நெடுஞ்சாலைக்கும் நடுவில் இருந்த குப்பம் எங்களுடையது. ஒரு பக்கம் கடல் ஊருக்குள் வராமல் இருக்கக் கொட்டிய கருங்கல். மறுபக்கம் துறைமுகத்துக்குள் போக நாள் முழுக்க வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகள். அப்பா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போனார். அம்மா எங்கள் போட்டின் மீனையும் அக்கம்பக்கத்துப் போட்டுகளின் மீனையும் கரையில் ஏலம் விட்டாள். அலை, போட் இன்ஜின், லாரி ஹாரன் மூன்றையும் தாண்டி விலை சொல்ல வேண்டிய வேலை அது. மற்ற வீடுகளில் பெண் குழந்தைக்கு நிறம் பார்ப்பார்கள், முடி பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் தொண்டை பார்த்தார்கள்.

அம்மாவின் தொண்டை பல வருடக் கத்தலில் தேய்ந்துபோயிருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவை ஏற்றிவிடுவாள். அக்கா அப்போது எட்டாம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. கவிழ்த்த ஐஸ் பொட்டியின் மேல் நின்று அவள் "ஒரு தரம்" என்று ஆரம்பித்தால் ரோட்டில் லாரிக்கு அடியில் படுத்திருக்கும் கிளீனர்கூட எழுந்து உட்கார்வான். வண்ணாரப்பேட்டையிலிருந்து மினி வேனில் வரும் மீன் வியாபாரி பாய், ஏலம் முடிந்ததும் அவளுக்கு மட்டும் ஒரு ரோஸ்மில்க் வாங்கித் தருவார்.

"பாப்பா கூவுனா செத்த எறா எழுந்து நிக்குதும்மா. இந்தத் தொண்டய இன்ஷூரன்ஸ் பண்ணி வையி" என்பார்.

அம்மாவுக்குத் தலைகால் புரியாது. "எம் பொண்ணு கரையில நின்னு கூப்ட்டா ஆந்திரா பக்கம் போன போட்டே திரும்பிடும் பாய்."

பிறகு பாய் என்னைப் பார்ப்பார். "இது யாரு?"

"அவ தங்கச்சி பாய்."

"அப்டியா? சத்தமே காணோமே."

போன வாரமும் இதையேதான் கேட்டிருப்பார். அடுத்த வாரமும் கேட்பார்.

எனக்குக் கொசுக் குரல். யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கருங்கல் மேல் ஏறி, கடலைப் பார்த்து, "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று கத்திப் பழகுவேன். கல் இடுக்கில் இருந்த நண்டுகள் நான் கையை ஆட்டினால் ஓடின. கத்தினால் ஓடவில்லை.

எங்கள் கரையின் ஒரு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். வலை நிறைந்து திரும்பும் போட் தண்ணீரில் தாழ்ந்து வரும். தூரத்திலேயே அது தெரிந்துவிடும். உடனே கரையில் இருப்பவர்கள் கையை வாயில் குவித்து "ஊ..." என்று இழுப்பார்கள். போட்டிலிருந்து பதில் "ஊ" வரும். வெறும் வலையோடு வருகிறவனைப் பார்த்து யாரும் ஊ போட மாட்டார்கள். அப்படிப் போட்டால் பெரியவர்கள் செவிட்டில் விடுவார்கள். ஆக, எனக்குத் தெரிந்த வரையில் பலர் சேர்ந்து ஒருவரைப் பார்த்து ஊ போட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அந்த வருடம்தான் எங்கள் இருவரையும் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்த்தார்கள். டை கட்டும் பள்ளி. குப்பத்திலிருந்து எங்களைத் தவிர அங்கே யாரும் போகவில்லை. அக்காவின் வகுப்பு மாடியில், என்னுடையது நேர் கீழே.

ஒரு திங்கட்கிழமை பிரேயரில் மைக் வேலை செய்யவில்லை. உறுதிமொழி சொல்ல நின்ற பெண்ணின் குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை. அக்காவின் வகுப்பு மிஸ் அவளுக்குப் பதில் அக்காவை மேடையில் ஏற்றினார். அக்கா ஐஸ் பொட்டி மேல் நிற்கிற மாதிரியே காலை அகட்டி நின்றாள். அடிவயிற்றிலிருந்து மூச்சு எடுத்தாள். முதல் வரியிலேயே கேட்டுக்கு வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் உள்ளே எட்டிப் பார்த்தார். முடிந்ததும் மிஸ் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இனிமே மைக்கே வேணாம்ப்பா. கம்பெனி சங்கே நம்மகிட்ட இருக்கு."

எங்கள் பக்கத்தில் தொழிற்சாலையின் ஷிஃப்ட் சைரனுக்குச் சங்கு என்று பெயர். விம்கோ நகர்ப் பக்கம் பல கம்பெனிகள் மூடிவிட்டாலும் அந்தச் சொல் மூடவில்லை. ஹெட்மாஸ்டர் சிரித்தார். பள்ளிக்கூடம் முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தாள், நான் பார்த்தேன். என் வகுப்பு மிஸ்ஸுக்கு என் நிஜப் பெயரே அதுவரை மனதில் நின்றிருக்கவில்லை. அக்காவுக்கோ ஒரு பட்டப்பெயர், அதுவும் மேடையில்.

மறுநாள் இரண்டாவது பீரியடில் மேலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. முதலில் ஒரு குரல். அதோடு இன்னொன்று. பிறகு வகுப்பு முழுக்கச் சேர்ந்து, மெல்ல ஆரம்பித்து, உச்சிக்குப் போய், இறங்கும் ஒரு "ஊ...". பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் அண்ணனும் அந்த வகுப்புதான். மதியம் அவள் விசாரித்துவந்து சொன்னாள்: "உங்க அக்கா பதில் சொல்ல எழுந்தாலே அப்படிப் பண்றாங்களாம்டி."

பதில் சொல்ல எழுந்தாலே. ஒரு போட்டுக்கு வருடத்தில் சில நாட்கள்தான் அது கிடைக்கும். அக்காவுக்குத் தினமும் கிடைத்தது. அவள் படிக்கட்டில் இறங்கும்போது கிடைத்தது, தண்ணீர்க் குழாயடியில் கிடைத்தது, பாத்ரூமுக்குப் போய்த் திரும்பும்போது கிடைத்தது. ஒருநாள் அவள் டிபன் டப்பாவோடு மைதானத்தைக் குறுக்கே கடந்தபோது வேறு வகுப்புப் பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள். பெருமை பிடித்தவள், யாரையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். நானாக இருந்தால் கையாவது ஆட்டியிருப்பேன்.

ஆடி மாதம் குப்பத்துக் கோயிலில் கூழ் ஊற்றியபோது அம்மன் முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். அந்தக் குரலை எனக்குக் கொடு. கொடுக்க முடியவில்லை என்றால் அவளுக்கும் வேண்டாம்.

வேண்டுதல் பலித்தது. அக்கா முதலில் பள்ளிக்குப் போகும் வழியில் பேசுவதை நிறுத்தினாள். பிறகு திரும்பி வரும் வழியில். பிறகு வீட்டில் தலையாட்டிப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். திங்கட்கிழமைதோறும் வயிறு வலித்தது. இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயசுக்கு வரப்போகிற பெண், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐஸ் பொட்டி மேல் ஏறி அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடியும் திறந்தாள். கூட்டம் முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா அவளை இறக்கிவிட்டுத் தன் உடைந்த தொண்டையால் ஏலத்தை முடித்தாள்.

எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை. கண்ணு. இவ்வளவு நல்ல தொண்டை சும்மா போகாது, யாரோ வயிறெரிந்திருக்கிறார்கள். யார் என்பதுதான் கேள்வி. அம்மா விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். எதிர்வீட்டு அத்தை, ஏனென்றால் அவள் பெண்ணுக்கு ஓட்டைப் பானைக் குரல். பக்கத்துக் கரையில் ஏலம் விடும் சித்தி, ஏனென்றால் அவள் ஒருமுறை அக்காவைப் பார்த்து "இன்னா தொண்டடி இது" என்று சொல்லிவிட்டுத் தூ தூ என்று துப்பாமல் போனாள்.

"பாயையும் விடாத" என்றாள் அம்மா. "வாரா வாரம் வாயத் தொறந்து சொல்லிகினே கீறாரு. நல்ல மனுசன்தான். ஆனா கண்ணுக்கு நல்லது கெட்டது தெரியுமா?"

முச்சந்தி மண்ணும், சந்தேகப்பட்டவர்களின் காலடி மண்ணும் எடுத்துவர என்னைத்தான் அனுப்பினார்கள். "யாரும் பாக்கக் கூடாது. கேட்டா வெளாட்றேன்னு சொல்லு." ஒரு பிஸ்கெட் கவரில் அத்தை வாசலில் ஒரு சிட்டிகை, சித்தி நிற்கும் இடத்தில் ஒரு சிட்டிகை, பாய் வேனிலிருந்து கால் வைக்கும் இடத்தில் ஒரு சிட்டிகை எடுத்தேன். பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், என் வலது குதிகாலைத் தூக்கி, அதன் அடியிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டேன். உண்மையான குற்றவாளியின் மண் கலக்காவிட்டால் கழிப்பு வேலை செய்யாது என்று எனக்குத் தெரியும். மண்ணில் பெயர் எழுதியிருக்காது என்பதும் தெரியும்.

உப்பு, மிளகாய், அந்த மண். அம்மா அக்காவை உட்காரவைத்துச் சுற்றி, கொட்டாங்கச்சி நெருப்பில் போட்டாள். எல்லோரும் மூச்சை இழுத்துக் காத்திருந்தோம். மிளகாய் படபடவென்று வெடித்தது. நெடி வரவில்லை.

"பாத்தியா? பாத்தியா?" என்றாள் அம்மா. "மொளகா நெடியே இல்ல. அப்ப எம்மாம் பெரிய கண்ணு பாரு!"

எனக்குப் பயமாக இருந்தது. அதோடு, சொல்லவே வேண்டும், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. என்னிடமும் பெரிதாக ஏதோ ஒன்று இருந்திருக்கிறது.

குரல் வரவில்லை. பாய் கேள்விப்பட்டு, தானே வேனில் ஏற்றி ராயபுரத்தில் ஒரு தர்காவுக்கு அழைத்துப்போனார். அக்கா முன்சீட்டில், ஜன்னல் ஓரம். அம்மாவும் நானும் பின்னால் மீன் பொட்டிகளோடு. அங்கே தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், மயிலிறகால் வருடினார்கள், கையில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். திரும்பும்போது பாய் அவளுக்கு ரோஸ்மில்க் வாங்கினார். குரலே இல்லாமல் ரோஸ்மில்க். குரல் இருந்தாலும் அவளுக்குத்தான், போனாலும் அவளுக்குத்தான் என்றால் அந்த வேண்டுதலால் எனக்கு என்ன லாபம்?

கடைசியில் டாக்டர். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒன்றுமே இல்லை என்றார். பிறகு டார்ச்சை அணைத்து மேசையில் வைத்து, அக்காவிடம் குனிந்து கேட்டார்: "ஸ்கூல்ல யாராவது ஏதாவது பண்றாங்களாம்மா?"

அம்மா முந்திக்கொண்டாள். "ஸ்கூல்ல இன்னா டாக்டர் பண்ணப் போறாங்க? நல்ல ஸ்கூலு. டை எல்லாம் கட்டணும்."

அக்கா தரையைப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்த அறையில் அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டவர்கள் நாங்கள் இருவர்தான். எதற்காகப் பார்க்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்தது, அல்லது புரிந்ததாக நினைத்தேன். பள்ளியில் இவளுக்கு எல்லோரும் ஊ போடுகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டுமாம். டாக்டர் முன்னால், அம்மா முன்னால், அந்தப் பெருமையையும் என் வாயாலேயே கேட்க வேண்டுமாம். நான் மேசை மேல் இருந்த டார்ச்சைப் பார்க்க ஆரம்பித்தேன்.

லீவு அதிகமாகிவிட்டதால் அப்பா பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. கல்யாணத்துக்குப் போடும் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு, கையில் ஒரு வஞ்சிரத்தோடு போனார். அது எங்கள் குழம்புக்கு வந்திருக்க வேண்டிய வஞ்சிரம். நானும் கூடப் போனேன். அப்பா செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஸ்டாஃப் ரூமில் நின்றபடியே பேசினார். மிஸ் உண்மையான கவலையோடு விசாரித்தார்.

"நல்ல பொண்ணுங்க. கொஞ்சம் கூச்ச சுபாவம். வாயத் தெறக்கவே மாட்டேங்கறா."

"கூச்சமா மிஸ்?" என்றார் அப்பா. அந்தச் சொல்லை அக்காவோடு சேர்த்து அவர் அதுவரை கேட்டதில்லை. பிறகு, பெரிய படிப்புப் படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதுபோலத் தலையாட்டினார். "எங்களால உங்களுக்குத்தான் பேஜாரு. மன்னிச்சுக்கோங்க மிஸ்." வஞ்சிரத்தை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார்.

அரையாண்டோடு அக்காவை அந்தப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். அடுத்த வருடம் கார்ப்பரேஷன் பள்ளியில் சேர்த்தார்கள். குரல் திரும்ப வந்தது, ஆனால் அது வேறு குரல். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் எட்டும் அளவில் ஒன்று. இன்று அவள் மாத்தூரில் இருக்கிறாள். ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. நன்றாகத்தான் இருக்கிறாள் என்று எல்லோரும் சொல்வார்கள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் வேறு யாரும் இறங்காவிட்டால், கண்டக்டரிடம் குரல் கொடுக்காமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடப்பாள். விளையாடப் போன மகனைக் கூப்பிட வாசலில் நின்று கை தட்டுவாள். அந்தப் பையன் தன் அம்மா கூப்பிடுவது என்றால் கைதட்டல் என்றே நினைத்து வளர்ந்திருக்கிறான்.

நான் அதே பள்ளியில் தொடர்ந்து படித்து, மாடிக்குப் போனேன். அதே மிஸ். அவர் கெட்டவர் இல்லை. சாப்பாடு கொண்டுவராத பிள்ளைக்குத் தன் டப்பாவைத் தள்ளிவிடுவார். என் வகுப்பில் திக்கிப் பேசும் பையன் ஒருவன் இருந்தான். ஒருநாள் மிஸ் அவனைப் பார்த்து, "வண்டி ஸ்டார்ட் ஆகுதா?" என்றார். வகுப்பு சிரித்தது. மறுநாள் அவன் எழுந்தபோது பின்பெஞ்சில் ஒருவன் வாயாலேயே பைக்கின் கிக்கரை உதைத்துச் சத்தம் போட்டான். அடுத்த நாள் வகுப்பே உதைத்தது. அவன் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான், தரைத்தளத்திலிருந்து எனக்கு என்ன கேட்டிருந்தது என்று விளங்கியது. மிஸ் ஒரு தரம்தான் சொன்னார். கரையில் ஒரு மீன் கைமாற மூன்று தரம் சொல்ல வேண்டும்.

பழைய மாணவர்கள் சில வருடங்களுக்கு முன் வாட்ஸப் குழு ஒன்று ஆரம்பித்தார்கள். யாரோ அக்காவின் எண்ணைக் கண்டுபிடித்துச் சேர்த்திருக்கிறார்கள். அவள் உடனே விலகினாள். "சங்கு எஸ்கேப்" என்று ஒருவன் போட, சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. அந்த வகுப்பில் படித்த ஒருவரை ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது அவர் என்னிடம் அன்பாகத்தான் விசாரித்தார். "சங்கு எப்படி கீறா? சும்மா ஜாலிக்குத்தானே பண்ணோம். நாங்க இன்னா அடிச்சமா? பேரு வச்சதே மிஸ்தானே." மிஸ்ஸைக் கேட்டால், ஒரு தமாஷ் சொன்னேன், பிள்ளைகள்தான் பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்லக்கூடும். ஹெட்மாஸ்டரைக் கேட்டால், புகாரே வரவில்லையே என்பார். அது உண்மைதான். எங்கள் வீட்டிலிருந்து அவர்களுக்குப் போனது ஒரு மன்னிப்பும் ஒரு வஞ்சிரமும். எதிர்வீடு, பக்கத்துக் கரை, பாய் வேன் என்று எங்கெங்கோ மண் அள்ளினோம். பள்ளிக்கூட வாசலில் ஒரு சிட்டிகை எடுக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் இதெல்லாம் பிற்பாடு. அந்த வருடத்தில் எனக்கு நன்றாக நினைவிருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா பள்ளியை விட்டு நின்ற பிறகு அம்மா வேறு வழியில்லாமல் என்னை ஐஸ் பொட்டி மேல் ஏற்றினாள். அக்கா கீழே ஐஸ் கட்டியைக் கட்டையால் உடைத்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். கொசுக் குரல்தான், ஆனாலும் கேட்டது.

"அடேங்கப்பா" என்றார் பாய். "கொசுவுக்கும் சத்தம் வருதே! இது யாரு? தங்கச்சியா?" இந்த முறை அவரே சொல்லிக்கொண்டார். ரோஸ்மில்க் என் கைக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு போட் தண்ணீரில் நன்றாகத் தாழ்ந்து வந்தது. கரை முழுக்கக் கையை வாயில் குவித்து ஊ... என்று இழுத்தது. கீழே கட்டை விழும் சத்தம் கேட்டது. அக்கா பொட்டிகளுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து, ஐஸ் ஒட்டிய இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். முழங்காலுக்குள் முகம்.

"இன்னாடி, கையில இடிச்சிகினியா?" என்று அம்மா திரும்பாமலே கேட்டாள்.

நான் உயரத்தில் நின்றதால் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பாட்டிலை இடுக்கிக்கொண்டு, நானும் கையைக் குவித்து, அவளைப் பார்த்தபடியே, என்னால் முடிந்த அளவு நீளமாக ஒரு ஊ போட்டேன். பொறாமைப்பட்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்கும் இன்று தெரியட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.